எட்டு என்று எழுதிய மணிநேரங்கள்

விடியுமுன்னே கூடலூரிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். நெருக்கி அடித்து உட்கார்ந்த பெண்களோடு லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, குமுளிக்கு அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். என் அம்மா இருபது வருஷம் அப்படிப் போனவள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரை ஒட்டித் தரையில் படரும் சரங்களில்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். அந்தக் கூலியிலும் ஒரு கல்விக்கடனிலும்தான் நான் இன்ஜினீயரிங் முடித்தேன்.

2013-இல் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஆண்டுக்கு மூன்றேகால் லட்சம். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 21,000 சொச்சம். அமெரிக்க வாடிக்கையாளரின் பகல்தான் எங்கள் இரவு. ரிலீஸ் வாரங்களில் பதினான்கு மணிநேரம்கூட ஓடும். ஆனால் டைம்ஷீட்டில் எட்டுதான் போட வேண்டும்.

எரிச்சலாக இருக்கும். வாய் மட்டும் திறக்காது. ஏசி அறை, சுழல் நாற்காலி. அம்மாவின் முதுகை நினைத்தால் என் புகார் எனக்கே அசிங்கமாகத் தெரியும்.

ஒருவர் பட்ட பெரிய கஷ்டம் இன்னொருவரின் சின்னக் கஷ்டத்தை ரத்து செய்துவிடுமா? பல வருஷம் ஆமாம் என்றே நம்பினேன். அந்த ஒப்பீடு எப்போதும் கீழ்நோக்கியே போனதைக் கவனிக்கவில்லை. என் இரவுகளுக்கு வாடிக்கையாளர் என்ன கொடுத்தார், அது யாரிடம் போனது என்று ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. அம்மா மேல் எனக்கிருந்த மரியாதை நிறுவனத்துக்குச் செலவில்லாத லாபமாக இருந்தது.

2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்றார். போருக்குப் பிந்தைய ஜப்பானையும் ஜெர்மனியையும் உதாரணம் காட்டினார். நண்பர்கள் மணிக்கணக்கைப் பற்றியே சண்டை போட்டார்கள். எனக்கு மணிநேரம் பெரிய பிரச்சினை இல்லை. ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்த நாட்கள் உண்டு, சந்தோஷமாகவே. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. என்னை உறுத்தியது அந்த எட்டு.

அதைக் கேட்டது அம்மாதான். வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, நடுராத்திரி லேப்டாப்போடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“எங்களுக்கு நாலு மணிக்கு ஜீப்பு எடுத்துருவாக. அதுக்கு மேல நிக்கச் சொன்னா தனிக் காசு. உனக்கு என்னய்யா போடுறாக?”

“அப்படியெல்லாம் இல்லம்மா. வேல கத்துக்கிறோம்ல.”

“கத்துக்கிற ஆளு சும்மா பாக்கணும்னு எவன் சொன்னான்?”

தோட்டவேலை என் வேலையைவிட நல்லது என்று அவள் சொல்லவில்லை. அவள் கூலி என் சம்பளத்தில் பாதிகூட வராது. வளைவுகளில் கவிழ்ந்த ஜீப்புகளின் கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவள் கேட்டது அந்த ஒரே ஒரு கணக்கு. 1947-லேயே சென்னை மாகாணத்தில் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணிநேரம் என்று வரம்பு வைத்து, மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்கச் சொல்கிறது. அதை நான் படித்தது ரொம்பப் பின்னால்.

சென்னை திரும்பியதும் டைம்ஷீட்டில் பதினொன்று என்று போட்டேன். திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் போட்டேன். மேலாளர் இடத்துக்கே வந்து, தோளில் கை வைத்து, “எட்டுன்னு மாத்திருங்க பிரதர், சிஸ்டம் எடுக்காது” என்றார். கோபப்படவே இல்லை, நல்ல மனுஷன்.

மாற்றினேன். அன்றைக்கு ராத்திரி போனில் அம்மா எத்தனை மணிநேரம் வேலை பார்த்தாய் என்று கேட்டபோதும் எட்டு என்றே சொன்னேன்.