வழுக்காத வண்டி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு சட்டம் உண்டு. டிசம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்கள் குளிர்காலத்துக்கென்றே செய்த டயர்களை மாட்டிக்கொண்டுதான் ஓடவேண்டும். 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போகிற வண்டியை வைத்திருப்பவர்களில் சிலர் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. “பனியில் வழுக்காமல் போகத்தானே இவ்வளவு விலை கொடுத்து இந்த வண்டியை வாங்கினோம்? எங்களுக்குமா இந்தச் செலவு?” என்பது அவர்கள் வழக்கு. சட்டம் அவர்களுக்கு விலக்கு அளிக்கவில்லை.

அளிக்காதது நியாயந்தானா? வண்டி ஓட்டாதவர்களும் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி இது என்று எனக்குத் தோன்றுகிறது.

சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. பனி படர்ந்த தெருவில் அவை நின்ற இடத்திலேயே சுற்றும், வண்டி நகராது. நான்கு சக்கரங்களும் சுமையைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றும் பாதி வேலை செய்தால் போதும். வண்டி சட்டென்று கிளம்பிவிடுகிறது. அருமையான ஏற்பாடுதான். ஆனால், கிளம்புவது வேறு, நிற்பது வேறு. பிரேக் என்பது எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. நிற்கும் நேரத்தில் ஏழையின் பழைய வண்டிக்கும் இந்தச் சீமான் வண்டிக்கும் சக்கரக் கணக்கில் வேறுபாடு கிடையாது. அப்போது தரையைப் பிடித்துக்கொள்வது டயர் ஒன்றுதான். அதுவும் ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்! கோடைக்கென்று செய்த ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கியதும் இறுகிப்போகிறது. இறுகிய ரப்பருக்குப் பிடிப்பு ஏது?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. தேய்ந்த டயரோடு ஒரு சாதாரண வண்டி காலையில் வீட்டு வாசலிலேயே வழுக்குகிறது. ஓட்டுகிறவர் திடுக்கிடுகிறார். ‘இன்று தெரு சரியில்லை, மெதுவாகப் போகவேண்டும்’ என்று மனத்தில் குறித்துக்கொள்கிறார். அந்தச் சிறு வழுக்கல் அவருக்குக் கிடைத்த எச்சரிக்கை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதில்லை. அதே தேய்ந்த டயரோடு, அதே பனியில், ஒன்றுமே நடவாததுபோல் வேகம் எடுக்கிறது. குறை இருக்கிறது, குறை தெரியவில்லை. எதிரே ஒரு குழந்தை தெருவைக் கடக்கும்போதுதான் அது தெரியவரும்! அப்போது தெரிந்து என்ன செய்வது? வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு.

இதே வண்டிக்காரர் வேறொரு காரியத்தில் மிகவும் கவனமாக இருப்பார். அதுதான் வேடிக்கை. ஒரு டயர் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. புதிய டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் பழையதில் 4 இருக்கும். ஆகவே பழைய டயர் சற்றுச் சிறிய சக்கரம். புதிய டயரோடு சேர்ந்து ஓட அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஐந்தாறு சுற்று அதிகம் சுற்றவேண்டும். வளைவுகளில் சக்கரங்களுக்கிடையே இத்தகைய வேறுபாடு இயல்புதான். அதைச் சரிக்கட்ட வண்டியின் வயிற்றில் பொறி இருக்கிறது. நேரான சாலையிலும் ஓயாமல் சரிக்கட்டிக்கொண்டே இருக்கச் சொன்னால் அது சூடேறித் தேய்ந்துபோகும். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குமேல் வேறுபடலாகாது என்று சுபாரு கம்பெனி எச்சரிக்கிறது. பள்ளத்தின் ஆழத்தில் பார்த்தால் இது ஒரே ஒரு மில்லிமீட்டர்! நம் வண்டிக்காரர் அளவுகோலை எடுத்துக்கொண்டு முழங்காலிட்டு அளக்கிறார். அமெரிக்காவில் புதிய டயரைக் கடையிலேயே சீவி, பழையவற்றின் உயரத்துக்குக் குறைத்து வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. (அண்ணன் தம்பிகளின் உயரம் ஒத்துப்போக வேண்டுமென்று வளர்ந்தவனின் காலை வெட்டுவதுபோல் எனக்குப் படுகிறது, ஆனால் கணக்கு சரிதான்.)

பொறி கெட்டால் செலவு அவருடையது. அதனால் ஒரு மில்லிமீட்டரும் அவருக்குப் பெரிதாகிறது. அதே கையும் அதே அளவுகோலும், தெருவில் போகிற மனிதனுக்காக அந்தப் பள்ளத்தை அளக்குமா? ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த குளிர்கால டயரைச் சட்டம் குளிர்கால டயராகவே ஒப்புக்கொள்வதில்லை. அந்த 4 மில்லிமீட்டர் வண்டிக்காகச் சொன்னது அல்ல.

சிக்கனத்தை நான் பழிக்கவில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு நான்கு டயர் ஒருங்கே வாங்குவது எளிய காரியமா? கிழிந்தது ஒன்று, தண்டம் நான்குக்கு! வண்டி வாங்கிய நாளில் இதை யாரும் அவருக்கு விளக்கியிருக்கமாட்டார்கள். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டு உடுத்துகிறவரை நான் மதிக்கிறேன். சட்டை நைந்து போனால் குளிர்வது அவர் உடம்புதான். டயர் தேய்ந்தால் அடிபடுகிறவன் முன்பின் அறியாத ஒருவனாக இருக்கலாம். சிக்கனம் செய்வதா வேண்டாமா என்று அவனை யாரும் கேட்கவில்லை. ஆகவே கியூபெக்கின் சட்டம் சரி என்பதே என் கட்சி. பணம் போதாதென்றால் டயரின் பெயரிலும் பகட்டிலும் குறைத்துக்கொள்ளலாம்; பிடிப்பில் குறைக்கலாகாது. அதற்கும் வழியில்லாத மாதத்தில் பேருந்து இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. கழற்றிய அந்த மூன்று டயர்கள் என்ன ஆகும்? ஜோடியாகச் சேர்ந்த இரண்டு, வேறு சாதாரண வண்டிக்குப் பயன்படும். பழைய டயர்க் கடை அவற்றை வாங்கிக்கொள்ளும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பதிந்திருக்கும். 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆண்டுகள் பல ஆனால் ரப்பர் இறுகிவிடும் என்பதால் அந்த எண் முக்கியம். அதை விரலால் தொட்டுக் காட்டி, வயதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்கிற கடைக்காரரும் இருக்கிறார். அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி அடுக்கி வைத்து விற்கிறவரும் இருக்கிறார்.