ஆமைக்குப் பட்ட கடன்

வீட்டில் வளரும் நில ஆமை ஒன்று ஒரு வாரமாகத் தீனியைத் தொடவில்லை. மலமும் கழிக்கவில்லை. பின்னங்கால்களை ஊன்றி முக்குகிறது, எதுவும் வெளியேறவில்லை. "ஆமைதானே, மாசக்கணக்கில் பட்டினி கிடக்கும், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் வீட்டில் ஒருவர். "விளக்கெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுப் பார்ப்போமா?" என்கிறார் இன்னொருவர். "டாக்டரிடம் போனால் ஆமை வாங்கிய காசைப்போலப் பத்து மடங்கு ஆகும்" என்கிறார் மூன்றாமவர். இப்படிப் பேசுகிறவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கும். ஆனாலும் இந்த மூன்று பேச்சுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. நம் கைக்குள் அடைபட்டிருக்கும் உயிருக்கு நோய் வந்தால், அதற்காக எவ்வளவு தூரம் போக நாம் கடமைப்பட்டவர்கள்?

விடை தேடுமுன் நோய் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஆமை தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெயிலில் காய்ந்தால்தான் அதன் குடல் வேலை செய்யும். காட்டில் வாழும் நட்சத்திர ஆமை காலை வெயிலில் உலவிப் புல்லும் பூவும் உதிர்ந்த பழமும் தின்னும். வெயில் ஏறியதும் புதருக்குள் ஒதுங்கும். தின்ற நாரைக் குடலின் பின்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள் மெல்லப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. இன்று தின்ற இலை வெளியேற வாரக்கணக்கில்கூட ஆகலாம்.

அதே ஆமையை ஏசி ஓடும் அறையில், டைல்ஸ் தரையில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும்? சூடு போதாமல் குடல் மந்தமாகும். சோறும் பன்னும் தக்காளியும் போட்டால் வயிறு நிறையும், நார் கிடைக்காது. ஜன்னல் வழியே வெளிச்சம் வந்தாலும், எலும்பும் ஓடும் உறுதிப்படத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த ஆமை மண்ணையும் கல்லையும் தின்னத் தொடங்கும். அழகுக்காகப் பரப்பிய வண்ணக் கூழாங்கற்களும் மணலும் அப்படித்தான் குடலுக்குள் போய்ச் சேருகின்றன. குடிக்கவும் நனையவும் தண்ணீர் போதாவிட்டால் யூரிக் அமிலம் சிறுநீர்ப்பையில் கல்லாக இறுகும். அந்தக் கல் பெருத்து அருகிலுள்ள குடலை நெருக்கும். குடற்புழுக்கள் அளவுமீறிப் பெருகினாலும் அடைப்பு வரும். முட்டையிடத் தோதான மண் கிடைக்காத பெண் ஆமை முட்டைகளை உள்ளேயே வைத்துக்கொண்டு முக்குவதும் பார்ப்பவருக்கு இதே நோயாகத்தான் தெரியும்.

இந்தக் காரணங்களில் புழுவைத் தவிர ஏறத்தாழ எல்லாமே ஒரு மனிதர் எடுத்த முடிவுகள். தரை எது, தீனி எது, வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஆமை தீர்மானிக்கவில்லை. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் ஆமையைத் தூக்கி ஓரத்தில் விடுகிறவர் செய்வது இரக்கம். செய்தால் புண்ணியம், செய்யாவிட்டால் அவரிடம் கணக்குக் கேட்க முடியாது. தன் வீட்டுத் தொட்டியில் கல் தின்று வயிறு அடைத்த ஆமைக்கு மருத்துவம் பார்ப்பவர் செய்வது கடன் அடைப்பு. 'தெரியாமல் செய்துவிட்டோம்' என்பது குற்றத்தைக் குறைக்கும், கடனைக் குறைக்காது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது: ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கும், அது வீணாகத் துன்பப்படாதிருக்கவும் தக்க ஏற்பாடுகள் அனைத்தையும் செய்ய வேண்டும் என்கிறது. அன்பு இருந்தால் செய் என்று அது சொல்லவில்லை.

இனி அந்த மூன்று பேச்சுகளுக்கு வருவோம். முதலாவது, பொறுத்துப் பார்க்கலாம் என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. நில ஆமைகளால் நெடுநாள் உண்ணாமல் இருக்க முடியும். ஐரோப்பிய இனங்கள் சில குளிர்கால உறக்கத்தில் மாதக்கணக்கில் எதையும் தின்பதில்லை. நட்சத்திர ஆமையும் கடும் வறட்சியில் ஒடுங்கிக் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு பட்டினியும் நோய் அல்ல. ஆனால் இது எந்தப் பட்டினி என்று விசாரிக்கும் வேலையை இந்த உண்மை தள்ளுபடி செய்துவிடாது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவைப்பதும், கடைசியாக எப்போது மலம் கழித்தது என்று நினைவில் வைப்பதும் காசு செலவில்லாத காரியங்கள். அவற்றையும் செய்யாமல் காத்திருப்பதற்குப் பொறுமை என்று பெயரிட முடியாது.

கை, கால், தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமையைப் புலனடக்கத்துக்கு உவமையாக்கியது குறள். அந்த உவமையில் வளர்ந்த நமக்கு, அசையாமல் ஒடுங்கிக் கிடக்கும் ஆமை அமைதியாக இருப்பதாகத் தோன்றுவது இயல்பு. உடல்நலமுள்ள ஆமையோ சூடு கிடைத்ததும் தலை நீட்டித் தீனி தேடி நடக்கும். நாள் முழுவதும் ஒடுங்கிக் கிடப்பது பல நேரங்களில் நோயின் அறிகுறி. ஆமைக்கு உதரவிதானம் கிடையாது. நுரையீரல் மேலோட்டை ஒட்டி இருக்கிறது. அடைபட்ட குடல் உப்பும்போது ஓடு விரிந்து இடம் கொடுக்காது, நுரையீரல்தான் நசுங்கும். நாயாக இருந்தால் ஊளையிட்டு வீட்டை எழுப்பியிருக்கும். ஆமை எழுப்பாது என்பதால் நமக்குத் தள்ளிப்போட வசதி கிடைக்கிறது. எதிரே இருப்பவரின் மௌனத்தால் நமக்குக் கிடைக்கும் வசதியைச் சந்தேகத்தோடு பார்ப்பதுதான் அறம்.

வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவதும் தள்ளிப்போடுவதில் ஒரு வகையே. செயின்ட் ஹெலினா தீவில் வாழும் ஜோனதன் என்ற பெரிய ஆமை ஏறத்தாழ 1832இல் பிறந்தது என்று கணக்கிடுகிறார்கள். முதுமையில் அது மெலிந்தது. அலகு மழுங்கிப் புல்லைக் கடிக்க முடியாமல் போனது. முதுமை என்று சொல்லிக் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தீவின் கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் அதைச் சத்துக்குறைவு என்று கண்டு, காய்கனிகளைக் கையால் ஊட்டத் தொடங்கினார். அலகு மீண்டும் கூர்மையானது, உடல் தேறியது. காரணத்தைத் தேடிப் பார்த்தவருக்குத்தான் அது கிடைத்தது.

இரண்டாவது பேச்சு விளக்கெண்ணெய். இதில் அன்பு இருக்கிறது; அதனால்தான் கூடுதல் கவனம் தேவை. வெதுவெதுப்பான நீரில், தலை நன்றாக மேலே இருக்கும் ஆழத்தில், கால் மணி நேரம் நிற்கவைப்பது பெரும்பாலும் கெடுதல் செய்யாது. ஆமை நீர் குடிக்கும், சூடு ஏறும், இலேசான சிக்கல் என்றால் அதிலேயே இளகிவிடக்கூடும். வாயைத் திறந்து எண்ணெய் ஊற்றுவது வேறு. மூச்சுக்குழாயின் வாய் ஆமைக்கு நாக்கின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது. உள்ளே போனதை இருமித் தள்ளவும் அதனால் முடியாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் மலச்சிக்கலோடு சேர்ந்து நிமோனியாவும் வரும். நாய்க்கும் மாட்டுக்கும் புழு, உண்ணி நீக்கக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமையை முடக்கிக் கொல்லக்கூடியது. வீட்டில் இருக்கும் மருந்தில் கொஞ்சம் என்று அன்போடு கொடுப்பவர் விஷத்தைக் கொடுத்தவர் ஆகிறார்.

நல்ல எண்ணம் செயலை நல்லதாக்கிவிடும் என்பது மனிதரிடம்கூட முழுமையாகச் செல்லாது. வேண்டாம் என்று சொல்ல முடியாத உயிரிடம் அறவே செல்லாது. தனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்வது இங்கே ஒரு கடமை. மருத்துவருக்கும் இது பொருந்தும். நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களில் பலர் மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர்கள். ஊர்வன பார்த்த அனுபவம் சிலருக்கே உண்டு. ஆமை எனக்குப் பழக்கமில்லை, பார்த்த அனுபவம் உள்ளவரிடம் போங்கள் என்று அனுப்பும் மருத்துவர், துணிந்து ஊசி போடுபவரைவிட நேர்மையானவர்.

மூன்றாவது பேச்சு செலவு. இதில் இரண்டு வாதங்கள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும். ஆமையின் விலையைவிட மருத்துவச் செலவு அதிகம் என்பது ஒன்று. என் சக்திக்கு மீறியது என்பது மற்றொன்று. முதல் வாதத்தில் வலு இல்லை. வாங்கிய விலை கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் நடுவே நடந்த பேரம். ஆமை படும் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இலவசமாகக் கிடைத்த ஆமைக்கு வலியும் இலவசம் என்று ஆகிவிடுமா?

இரண்டாவது வாதம் அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. அம்மாவின் மருந்துச் செலவுக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் திண்டாடும் வீடுகள் உண்டு. குடலை அடைத்த கல்லை எடுக்க, வயிற்றுப்புற ஓட்டில் சதுரமாக ஒரு துண்டை அறுத்துத் திறந்து, பிறகு அதையே மூடி ஒட்டவைக்கும் அறுவை தேவைப்படலாம். அந்த ஓடு முழுமையாக ஒட்டிச் சேர ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். எல்லோரும் எப்பாடு பட்டாவது இதைச் செய்தே தீர வேண்டும் என்று சொல்லும் அறநெறி, மனிதர்களின் வாழ்க்கையைக் கணக்கில் எடுக்காத அறநெறி. எனவே கடமையைப் படிப்படியாகப் பிரிப்பதே நியாயம். சூடு, தண்ணீர், நாருள்ள தீனி, கல் இல்லாத தரை ஆகியவை வறுமையைக் காரணம் காட்டித் தவிர்க்க முடியாதவை. ஒரு மருத்துவரிடம் காட்டி, முடிந்தால் எக்ஸ்ரே எடுத்து, என்ன நோய் என்று தெரிந்துகொள்வது அடுத்த படி. இதைத் தவிர்க்க வலுவான காரணம் வேண்டும். பெரிய அறுவை மூன்றாம் படி. அங்கே குடும்பத்தின் நிலையைச் சீர்தூக்கலாம். முடியாதபோது, முடிந்தவரிடம் ஒப்படைப்பது எந்த நிலையிலும் திறந்திருக்கும் வழி. எந்தப் படியிலும் இடமில்லாத ஒன்று உண்டு: தன்னிடமே வைத்துக்கொண்டு, எதுவும் செய்யாமல், தானாகச் சாகட்டும் என்று விடுவது.

அறுவையும் எப்போதும் நன்மை என்று சொல்லிவிட முடியாது. குடல் அழுகிவிட்ட நிலையில், பிழைக்கும் வாய்ப்பு அருகிய ஆமையை அறுப்பது யாருடைய ஆறுதலுக்கு? ஆமைக்கு வலி உண்டு. நீண்டு இழுக்கும் வலிக்கும் அமைதியான சாவுக்கும் நடுவே மருத்துவர் இரண்டாவதைச் சொன்னால், மறுப்பதைப் பாசம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் அந்தச் சாவும் முறையாக நடக்க வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாமலும் ஆமையின் மூளை நெடுநேரம் தாங்கும். அதனால்தான் மயக்கி, ஊசி போட்டு, பிறகு மூளையின் செயல் நின்றதையும் உறுதிசெய்ய வேண்டும் என்று கால்நடை மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வலிக்காது என்று நம்பி ஃப்ரீசரில் வைப்பது ஒரு காலத்தில் வழக்கத்தில் இருந்தது. இன்று அதைக் கொடுமை என்றே கருதுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது பழமொழி. ஆமை வைத்தால் அதிர்ஷ்டம் என்பது இன்றைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் நட்சத்திர ஆமையை மறைவாக வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். 2022இல் வந்த திருத்தம் இந்த ஆமையை முதல் அட்டவணையில் சேர்த்ததால், தண்டனை மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. இப்படிப்பட்ட வீட்டில் ஆமைக்கு நோய் வந்தால், டாக்டரிடம் போகவே பயம். சிலர் கமுக்கமாகக் கோயில் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. அது மூழ்கிச் சாகும். காட்டில் விட்டாலும், நோயைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பக்கூடும்.

பயம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி. சட்டத்தை மீறியது மனிதர். தண்டனையை வயிற்றில் கல்லோடு சுமப்பது ஆமை. இந்தக் கணக்கு எந்த நியாயத்திலும் நேராகாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே செய்யத் தக்கது. இதில் அரசின் பங்கும் இருக்கிறது. தாமாக முன்வந்து ஒப்படைப்பவரையும் கடத்தல்காரரையும் ஒரே கண்ணால் பார்த்தால், நோயுற்ற ஆமைகள் கட்டிலுக்கடியிலேயே சாகும். அச்சமின்றி ஒப்படைக்கத் தெளிவான வழி இருந்தால், சட்டம் எந்த உயிரைக் காக்க வந்ததோ அதற்கு உண்மையிலேயே பயன்படும்.

எவ்வளவு தூரம் கடமை என்ற கேள்விக்கு விடை, நோய் வந்த நாளில் தொடங்குவதில்லை. ஆமை பல பத்தாண்டுகள் வாழும். வாங்கியவர் போன பிறகும் பிள்ளைகள் பொறுப்பில் இருக்கும். வெயில் படும் முற்றமும், புல் முளைக்கும் ஒரு துண்டு மண்ணும், காட்டுவதற்கு ஒரு மருத்துவரும் இல்லாதவர், சட்டம் அனுமதிக்கும் இனமாகவே இருந்தாலும், ஆமையைக் கொண்டுவராமல் இருப்பதே முதல் மருத்துவம். ஏற்கெனவே கொண்டுவந்தவருக்கு அந்தத் தெரிவு முடிந்துபோனது. அவருக்கு மிச்சமிருப்பது, தன் வீடு உண்டாக்கிய நோயைத் தன் வீட்டுச் செலவாக ஏற்பதும், ஏற்க முடியாவிட்டால் அதை வெளிப்படையாகச் சொல்லி வேறு கையில் கொடுப்பதும்தான்.