சம உரிமை மாநிலத்துக்கா, மனிதருக்கா?

அமெரிக்க செனட்டில் கலிபோர்னியாவுக்கு இரண்டு இடங்கள், வயோமிங்குக்கும் இரண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முன்னதில் 3.95 கோடிப் பேர், பின்னதில் 5.77 லட்சம் பேர். செனட்டைப் பொறுத்தவரை, வயோமிங்கில் ஒருவருக்கு இருக்கும் பலம் கலிபோர்னியாவில் ஏறக்குறைய 68 பேருக்குச் சேர்த்துத்தான் கிடைக்கிறது.

அண்டை நாடான கனடாவிலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. செனட்டின் 105 இடங்களில், 2021 கணக்கெடுப்பின்படி 50 லட்சம் மக்கள் வாழ்ந்த பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 6. அதே கணக்கெடுப்பில் எட்டு லட்சத்தைத் தொடாத நியூ பிரன்சுவிக்குக்கு 10. போதாததற்கு, உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதே இல்லை. பிரதமரின் பரிந்துரையில் தலைமை ஆளுநர் நியமிக்கிறார். 75 வயதுவரை பதவி. மேலோட்டமாகப் பார்த்தால் கனடாவின் முறைதான் மோசம். எனினும், ஒரு சபை எப்படி அமைந்தது என்பதோடு அதன் கையில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்காமல் அநீதியை அளக்க முடியாது. கனடாவில் அரசு பிழைப்பதும் விழுவதும் மக்கள் தேர்ந்தெடுத்த பொதுச்சபையில்தான். செனட் மசோதாக்களை நிராகரிக்கலாம், 1991-ல் கருக்கலைப்பு மசோதா அங்கே வீழ்ந்தும் இருக்கிறது; அப்படி நடப்பது அபூர்வம். அமெரிக்க செனட்டோ உச்ச நீதிமன்ற நீதிபதிகளை உறுதிசெய்கிறது, அதன் இசைவின்றி எந்தச் சட்டமும் நிறைவேறாது.

அமெரிக்க செனட்டின் சம இடத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. 1787-ல் சம இடம் என்ற உறுதியின் பேரிலேயே சிறிய மாநிலங்கள் ஒன்றியத்துக்கு இணங்கின; கொடுத்த வாக்கைக் காப்பது அறம். ஆனால் அந்த வாக்கு 13 மாநிலங்களுக்குக் கொடுக்கப்பட்டது. வயோமிங் 1890-ல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் மாநிலமானது; பேரம் பேசி உள்ளே வந்த தனி நாடு அல்ல. சிறுபான்மையினரைக் காக்கும் ஏற்பாடு என்பதும் இங்கே பொருந்தாது. கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்குக்குக் காக்கவேண்டிய மொழியும் தனிச் சட்டமரபும் இருக்கின்றன. அதனால் கனடிய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் மூவர் அங்கிருந்தே வரவேண்டும் என்ற விதி நியாயமானது. மக்கள் குறைவாக வாழும் இடம் என்பது மட்டும் அப்படியொரு காரணமாகாது. பெரிய மாநிலங்களில் வாழும் சிறுபான்மையினருக்கு செனட்டின் சமக் கணக்கு எதையும் தருவதில்லை.

திருத்துவது இரு நாட்டிலும் கடினம். கனடாவில் செனட்டை ஒழிக்க எல்லா மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சம இடத்தை அதன் சம்மதமின்றிப் பறிக்க அரசமைப்பே தடை விதிக்கிறது. புதிய இடம் சேர்ப்பதும் எளிதல்ல: வயோமிங்கைவிட அதிக மக்கள் வாழும் தலைநகர் வாஷிங்டனுக்கு செனட்டில் ஓர் இடம்கூட இல்லை. அதை மாநிலமாக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2020-லும் 2021-லும் நிறைவேற்றியது. செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.