வாசலுக்கு வெளியே நிற்பவர்கள்

1945 ஜூலை 16 அதிகாலை 5.29 மணிக்கு உலகின் முதல் அணுகுண்டு வெடித்த இடம் டிரினிட்டி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்துக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டும் ராணுவம் வாசலைத் திறந்துவிடும். அன்றைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து குவிகிறார்கள். அந்தக் குண்டு உருவான கதையைச் சொன்ன ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்குப் பிறகு ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது.

உள்ளே பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. வேலி போட்ட பொட்டல். நடுவே எரிமலைக் கல்லால் எழுப்பிய, இரண்டு ஆள் உயரத் தூண். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை. நாகசாகியில் போட்ட வகைக் குண்டின் கூடு ஒன்றையும் லாரியில் ஏற்றி வைத்திருப்பார்கள். அதன் பக்கத்திலும் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குனிந்து தேடினால் மண்ணில் பச்சைக் கண்ணாடிச் சில்லுகள் மினுங்கும். வெடிப்பின் சூட்டில் பாலை மணல் உருகி உறைந்த டிரினிடைட் அது. எடுத்தால் திருட்டு. ஒரு மணி நேரம் அங்கே நின்றால் உடலில் ஏறும் கதிர்வீச்சு, கண்டம் கடக்கும் விமானப் பயணத்தில் ஏறுவதைவிடக் குறைவு. உடம்புக்குப் பயமில்லை. ஆனாலும் இப்படியோர் இடத்துக்குப் பொழுதுபோக்காகப் போவது தகுமா?

தகாது என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. இங்கே சோதித்த அதே வகைப் புளுட்டோனியம் குண்டுதான் 24 நாள் கழித்து நாகசாகியில் விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே சுமார் 74,000 பேர் மாண்டார்கள். அந்தச் சாவுகளுக்கு ஒத்திகை நடந்த மண்ணில் சிரித்துக்கொண்டு படம் எடுப்பதை எதைச் சொல்லி நியாயப்படுத்துவது?

அதற்காக வாசலை மூடிவிட்டால் மட்டும் மரியாதை வந்துவிடாது. குண்டு வெடித்ததும் ராணுவம் ஊருக்குச் சொன்னது, வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது என்பதுதான். டிரினிட்டியின் கதை பொய்யோடு தொடங்கியது. இழுத்து மூடினால் அந்தப் பொய்க்குத்தான் வசதி.

அந்தப் பொய் யாரிடம் சொல்லப்பட்டதோ, அவர்களை நினைக்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. வெடித்த இடத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரிலேயே பண்ணைக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. யாரும் முன்னதாக எச்சரிக்கப்படவில்லை, வெளியேற்றப்படவும் இல்லை. வானத்திலிருந்து சாம்பல் இறங்கியது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்த மக்கள் அவர்கள். தோட்டத்துக் காய்கறி, வீட்டு மாட்டின் பால், எல்லாவற்றிலும் அது கலந்தது. பொதுமக்கள் புழங்கிய இடங்களில் அப்போது பதிவான கதிர்வீச்சு, இன்று அனுமதிக்கப்படும் அளவைப்போல் 10,000 மடங்கு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2010ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

நெவாடாவில் பின்னாளில் நடந்த சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1990இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. முதல் குண்டின் சாம்பலைச் சுமந்த நியூ மெக்சிகோ மக்கள் அதில் இல்லை. 2025இல்தான் சேர்க்கப்பட்டார்கள். 80 ஆண்டுகள்! புற்றுநோயில் தாயையும் தகப்பனையும் பறிகொடுத்த பிள்ளைகளே முதியவர்களாகிவிட்டார்கள்.

திறப்பு நாளில் தளத்துக்குள் ஆர்ப்பாட்டம் செய்ய அனுமதியில்லை. அதனால் அந்தச் சாம்பல் இறங்கிய துலரோசா வட்டாரக் குடும்பத்தினர் பதாகைகளோடு வெளியே நின்றிருக்கிறார்கள். குண்டின் கூட்டுக்கு உள்ளே இடமிருக்கிறது. அதன் சாம்பலைத் தின்றவர்களுக்கு வாசலுக்கு வெளியேதான் இடம். டிரினிட்டியில் உண்மையான அறக்கேடு இதுதான். ஒரு பயணி எடுக்கும் புகைப்படம் இதன் முன் சிறிய பிழை.

ஆகவே டிரினிட்டிக்குப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் போகிறவர்கள் துலரோசாக்காரர்களின் பதாகையைக் கடக்கும்போது காரை ஓரங்கட்டி இறங்கட்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிறகு உள்ளே போகட்டும். அந்தக் குடும்பங்களின் கதையைத் தூணுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டியது ராணுவத்தின் கடன்.