இடுகாட்டில் முளைப்பவை

மடுல்சீமை, பசறை, அப்புத்தளை என நீளும் ஊவா மலைகளில் மண்வெட்டி படாத நிலம் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காடும் பத்தனைப் புல்வெளியும் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. இலங்கையில் கோப்பி இலைத் துருநோய் முதலில் காணப்பட்டது 1869இல், மடுல்சீமைத் தோட்டமொன்றில்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி ஓய்ந்து, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. இவற்றுக்கிடையே எஞ்சிய சிறு திட்டுகளில் ஓடைக்கரையும் பாறையடியும் கோயில் மரத்தடியும் உண்டு. தோட்டத்து மயானமும், துரைமார் காலத்துத் தேவாலயங்களின் கல்லறை வளவும் உண்டு.

அந்த வளவுகளில் செடியும் பூச்சியும் பறவையும் பெருகுவது கண்கூடு. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது சமயக் கேள்வி. புதர் மூடிய கல்லறை இறந்தவருக்கு நேர்ந்த அவமதிப்பா, அல்லது மண்ணிடம் ஒப்படைத்த உடலுக்கு நடக்க வேண்டியதே நடக்கிறதா?

முதலில், உயிர்கள் அங்கே தங்குவதற்கான காரணம். தேயிலை மலைக்கு உரமும் களைநாசினியும் கவ்வாத்துக் கத்தியும் தவறாமல் வந்து சேர்கின்றன. மயானத்துக்கு இவை வருவது குறைவு. குழி ஒருமுறை வெட்டப்பட்டு மூடப்பட்டால், அந்த மண் பல ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். கல்லின் நிழல் பக்கத்தில் பாசியும் பன்னமும் ஒட்டும். வெயில் படும் முகத்தில் சாம்பல் நிறக் கற்பாசி வட்டம் வட்டமாகப் படரும். கற்பாசி மிக மெதுவாக வளர்வது. ஆண்டு பொறித்த கல்லில் வட்டத்தின் அகலத்தை அளந்தால் அதன் வளர்ச்சி வேகம் தெரியும் என்பதால், ஐரோப்பிய ஆய்வாளர்கள் பழைய கல்லறைகளை அளவுகோலாகவே பயன்படுத்தினார்கள். கல்லிடுக்கில் அரணை ஒதுங்கும். மேட்டில் மானாப்புல்லும் நாயுண்ணியும் வந்துவிடும். நாயுண்ணிப் பழத்துக்குக் கொண்டைக் குருவி வரும். ஈழத்தலரியும் பட்டிப்பூவும் மனிதர் நட்டுப் பரவியவை. பட்டிப்பூவுக்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் உண்டு. மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடியிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான வின்கிறிஸ்டின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

சமயங்கள் இந்த நிலத்தைப் பார்க்கும் விதம் ஒன்றல்ல. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்களில் சுடலை ஓர் அடர்ந்த காடு. எட்டியும் இலவமும் காரையும் மண்டிய அந்த இடத்தில் ஆந்தையும் நரியும் பேயும் உலவுகின்றன. இறைவன் ஆடுவதும் அங்கேதான். இந்தப் பார்வையில் முள்ளும் விலங்கும் தீட்டின் அடையாளம் ஆவதில்லை. அவை கூத்தின் அரங்கு. கிறிஸ்தவ மரபில் மனிதன் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு மண்ணுக்குத் திரும்புகிறவன்; உயிர்த்தெழுதலுக்கு உவமையாகப் பவுல் எடுத்துக்கொள்வது மண்ணில் விழுந்த விதையை. ஆனால் உயிர்த்தெழப்போகிறவர் பெயருடைய ஒருவர் என்பதால் கல்லும் எழுத்தும் அந்த மரபில் முக்கியமாகின்றன. பௌத்தத்தில் உடல் நிலையாமையின் பாடம். அதே வேளை புத்தர் ஞானம் பெற்ற அரசமரத்தின் இனம் முழுவதும் வணக்கத்துக்குரியது.

பதுளையில் இம்மரபுகள் ஒரே இடத்தில் சந்தித்தன. அங்கே ஆங்கிலேய அரசின் உதவி வதிவிட அதிகாரியாக இருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனின் மனைவி சோபியா 1817இல் இறந்தார்; அதே ஆண்டு மூண்ட ஊவாக் கிளர்ச்சியில் கணவரும் கொல்லப்பட்டார். சோபியாவின் கல்லறைக் கல்லை ஓர் அரசமரத்தின் வேர்கள் சுற்றி வளைத்துக்கொண்டதைக் காலனிக் காலத்து நூல்கள் வியப்போடு பதிவு செய்தன. கல்லை மீட்க வேண்டுமென்றால் பௌத்தரும் இந்துக்களும் வணங்கும் மரத்தை வெட்ட வேண்டும். மரத்தை விட்டால் எழுத்து மறையும். வேர் கல்லைப் பிளக்கவும் செய்யும், விழாமல் பிடித்துக்கொள்ளவும் செய்யும். ஆகவே, மரம் கல்லறைக்குப் பகை என்று இங்கே ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

தோட்டத் தொழிலாளரின் மயானத்தில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. பதுளையில் பதவி வகித்து, 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. அவர் நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயமே எழுந்தது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, கொள்ளைநோயில் மடிந்த தொழிலாளருக்குக் கல்கூட இல்லை. மலையில் பிழைத்து, உழைத்து, இறந்தவர்களுக்கும் பெரும்பாலும் மண்மேடுதான். அந்த மண்ணும் அவர்களுக்கு உரித்தானதன்று. தோட்ட நிலம் கம்பனிகளிடமிருந்து எழுபதுகளில் அரசுக்கும், 1992இல் மீண்டும் கம்பனி நிர்வாகத்துக்கும் கைமாறியபோதும் உறுதி அவர்கள் கைக்கு வரவில்லை. தேயிலைக்கு உரமாகிப்போன முன்னோர் என்ற பேச்சு மலையக இலக்கியத்தில், சி. வி. வேலுப்பிள்ளை தொடங்கி, திரும்பத் திரும்ப ஒலிப்பது இதனால்தான்.

இங்கே இரண்டு வகை மறைவைப் பிரித்தறிய வேண்டும். புல் தானாக முளைத்து மேட்டை மூடுவது ஒன்று. மேட்டைச் சமன்செய்து தேயிலை நடுவது மற்றொன்று. முன்னதை மரபே ஏற்கிறது. புதைத்த பின் பால் தெளிக்கும் நாளில் குழிமேட்டில் நவதானியம் தூவி நீர் ஊற்றும் வழக்கம் தமிழரிடையே பல பிரிவினருக்கு உண்டு. அங்கே முதல் செடியை முளைக்க விடுபவர்கள் உறவினர்களே. பின்னதில் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை, கேட்காமல் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இயற்கை மூடியதற்கும் மனிதர் அழித்ததற்கும் இயற்கையின் பெயராலேயே சமாதானம் சொல்வது பிழையான வாதம்.

இறந்தவருக்கு உரியவை, அப்படிப் பார்த்தால், இரண்டு: கலையாத மண்ணும் மறக்கப்படாத பெயரும். முதலாவதைச் செடிகொடிகள் கெடுப்பதில்லை. வேர் பிடித்த மண் அடைமழையிலும் கரையாமல் நிற்கிறது. இரண்டாவது உயிரோடிருப்பவர்களின் கடமை; அதைச் செடியின் மேல் சுமத்த முடியாது. இதிலிருந்தே பராமரிப்பின் முறையும் கிடைக்கிறது. எழுத்தை மறைக்கும் கொடியை விலக்கலாம். கற்பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். புல்லைப் பூத்து விதை உதிர்ந்த பின் வெட்டலாம், களைநாசினி தேவையில்லை. கல்லில்லாத மேடுகளுக்கு எல்லை குறித்து, அங்கே கிடப்பவர்களின் பெயர்களை மூத்தோரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அதன்பின் அங்கே எது முளைத்தாலும் அது அவமதிப்பு ஆகாது.