கேட்டது வேறு

பெண்கள் கூடிப் பேசும் இடத்தில் ஒருத்தி இப்படிக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: “கணவர் அடிக்கிறார். வீட்டை விட்டுப் போகாமலே அதை நிறுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறதா?”

“பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போம்மா” என்கிறார் மூத்தவர் ஒருவர். இன்னொருத்தி தன் கதையைத் தொடங்கி, அது பத்து நிமிடம் நீள்கிறது. மூன்றாமவள் கோபத்தோடு, “இன்னும் ஏன் அந்த வீட்டில் இருக்கிறாய்? இன்றே வெளியே வா” என்கிறாள்.

முதல் பதிலை நாம் சட்டென்று இனம்கண்டுவிடுவோம். மூன்றாவது நம் சொந்தக் குரல் என்பதால் கைதட்டுவோம். ஆனால் இரண்டும் செய்தது ஒன்றுதான். கேள்வியிலிருந்த “போகாமலே” என்ற சொல்லை அழித்துவிட்டன. அந்தச் சொல்லுக்குப் பின்னால் மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு இருக்கலாம், போக இடமில்லாத தாய்வீடு இருக்கலாம், பல வருடம் கூலிவேலை செய்து போட்ட கூரை இருக்கலாம். அவள் யோசிக்காமல் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அவள் கேட்டதற்கு நேரான பதில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. 18ஆம் பிரிவின்படி பாதுகாப்பு உத்தரவு பெறலாம். 19ஆம் பிரிவின்படி கணவனையே வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை சாதாரணமாக நடக்க வேண்டும். (நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதையும் அவளிடம் சொல்லத்தான் வேண்டும்.)

அப்படியானால் கூட்டத்தை நடத்துபவர் மற்றவர்களை இடைமறிக்கலாமா? இங்கே எனக்குத் தயக்கம் உண்டு. “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்” என்பது பெண்கள் மீது நெடுங்காலமாக வீசப்பட்டுவரும் வாக்கியம். நீதிமன்றக் கூண்டில் நடந்ததை விவரிக்கத் தொடங்கும் பெண்ணை, “ஆமாவா, இல்லையா, அதைச் சொல்லும்மா” என்று நிறுத்துகிறார்கள். சம்பந்தம் உள்ளது எது, இல்லாதது எது என்று தீர்மானிப்பது எப்போதும் அதிகாரமாகவே இருந்திருக்கிறது.

அதனால் நடத்துபவரே வேண்டாம் என்பாரும் உண்டு. 1960களின் இறுதியில் அமெரிக்கப் பெண்ணியக் குழுக்கள் பலவும் அப்படித்தான் இயங்கப் பார்த்தன. வெளிப்படையான அமைப்பு இல்லாவிட்டால் அதிகாரம் மறைந்துவிடாது, கண்ணுக்குத் தெரியாத சிலரின் கைக்குப் போய்விடும் என்று 1970இல் ஜோ ஃப்ரீமன் வாதிட்டார். நம் கூட்டங்களுக்கும் அது பொருந்தும். யாரும் நடத்தாத கூட்டத்தை உரக்கப் பேசுகிறவள் நடத்துவாள், படித்தவள் நடத்துவாள், சாதியால் பேசிப் பழகியவள் நடத்துவாள்.

ஆக, ஒருவர் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆனால் அவர் பார்க்க வேண்டியது பதில் சரியா தவறா என்பதை அல்ல, கேட்ட கேள்வியை அது தொடுகிறதா என்பதை மட்டுமே. “வெளியே வா” என்பது சரியான யோசனையாகவே இருக்கலாம், ஆனாலும் அது பதில் இல்லை. கதை சொன்னவளிடம், “இதைப் பிறகு முழுசாகக் கேட்போம் அக்கா” என்று சொல்லி, மறக்காமல் கேட்கவும் வேண்டும். அவள் கதைக்குள்ளேயே, உதவி செய்த பாதுகாப்பு அலுவலரைப் பற்றிய தகவல் கிடக்கலாம்.

உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால்? அப்போது கேட்காததையும் சொல்லத்தான் வேண்டும். 181 என்ற உதவி எண்ணைச் சொல்லலாம், கிளம்பிவிடச் சொல்லலாம். ஆனால் கேட்டதற்கான பதிலோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக அல்ல.

“நீ கேட்டதற்குப் பதில் கிடைத்ததா?” என்று அவளிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளப் பழக்கப்பட்டவள் எல்லோர் முன்னிலையிலும், “கிடைச்சுதுக்கா” என்றுதான் சொல்வாள். கூட்டம் கலைந்தபின், செருப்பு மாட்டும்போது தனியாகக் கேட்க வேண்டும். அந்தப் பிரிவு எண்களை ஒரு தாளில் எழுதி, அவர் கண்ணில் படாமல் அதை எங்கே வைப்பாள் என்றும் கேட்டுக்கொண்டு, கையில் கொடுக்க வேண்டும்.