கடைசி வண்டியின் வேகம்

நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து மலைச்சாலையில் பைக் ஓட்டிப் போகும்போது அந்தக் கூட்டத்தின் வேகத்தை யார் முடிவு செய்வது? முன்னால் போகிறவரா, பின்னால் வருகிறவரா? கேட்பதற்குச் சாலைப் பாதுகாப்பு வாரத்துக் கேள்வி போல இருக்கும். எனக்கு இது நட்பைப் பற்றிய கேள்வியாகத்தான் படுகிறது. வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு நண்பர்கள் சேர்ந்து செய்யும் காரியங்கள் குறைந்துவிடுகின்றன. கல்யாணத்தில் பார்த்துக்கொள்கிறார்கள், ஓட்டலில் சாப்பிடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்து போடுகிறார்கள். வெயிலையும் குளிரையும் சேர்ந்து தாங்குவது, ஒருவர் வண்டி பஞ்சரானால் மற்ற ஒன்பது பேரும் ஓரங்கட்டி நிற்பது என்பதெல்லாம் அபூர்வமாகிவிட்டது. வார இறுதி மலைப் பயணம் அதைத் திரும்பத் தருகிறது. அதனால்தான் சனிக்கிழமை விடியுமுன்பே சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை என்று வண்டிகள் கிளம்புகின்றன. இந்த ஆசையை வெட்டிப் பொழுதுபோக்கு என்று தள்ள எனக்கு மனமில்லை. இது நல்ல ஆசை. அதைச் சரியாக நிறைவேற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கவலை.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் பக்கமிருந்து போய்க் காரவள்ளி அடிவாரத்தில் ஏறினால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்து வண்டிகள், ஒன்றுக்கொன்று 2 விநாடி இடைவெளி விட்டு ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவில் 18 விநாடி. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்து திரும்பும்போது அந்த 18 விநாடி என்பது 100 மீட்டர். வளைவு முடிந்து 40 கிலோமீட்டருக்கு வேகமெடுத்தால் அதே 18 விநாடி 200 மீட்டராகிவிடும். யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. விநாடிக் கணக்கில் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கடைசியில் வருகிறவர் கண்ணுக்கு விநாடி தெரியாது, தூரம்தான் தெரியும். அவர் இன்னும் வளைவுக்குள் முதல் கியரில் திணறிக்கொண்டிருக்க, முன்னால் போன சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகத் திருப்பத்தில் மறைகின்றன. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே அடுத்த அடுக்குச் சாலையில், தம் திசைக்கு எதிர்த்திசையில், நண்பர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். கூப்பிட்டால் கேட்கும் உயரம்தான், ஆனால் சாலை வழியே வளைவைச் சுற்றித்தான் போய்ச் சேர வேண்டும். விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று மனம் சொல்கிறது, வலது கை முறுக்குகிறது. அடுத்த வளைவுக்கு வரவேண்டிய வேகத்தைவிட அதிக வேகத்தில் வந்து சேர்கிறார். இதை அவருடைய அவசரபுத்தி என்று சொல்லிவிட முடியாது. வரிசையில் போகும் எந்தக் கூட்டத்திலும் கடைசி ஆளுக்கு இந்தத் தொல்லை உண்டு.

அந்தக் கடைசி ஆள் யார்? பெரும்பாலும் மலையில் ஓட்டிப் பழகாதவர், சின்ன எஞ்சின் வண்டி வைத்திருப்பவர், அல்லது பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஓட்டுகிறவர். அனுபவம் எல்லோரையும்விடக் குறைந்தவர்தான் எல்லோரையும்விட வேகமாகத் துரத்த வேண்டிய நிலைக்கு ஆளாகிறார். இந்த அநியாயம் யாரும் திட்டமிட்டுச் செய்வதல்ல, அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் நுழைய வேண்டிய வளைவுக்கு 45-இல் வந்தால் வேகம் ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கிறது. பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமோ இரண்டேகால் மடங்காகிவிடுகிறது. மலை வளைவில் அவ்வளவு தூரம் கிடைக்காது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், திருப்பத்துக்கு அப்பால் என்ன வருகிறது என்று சில மீட்டருக்கு மேல் தெரியாது. மேலிருந்து இறங்கும் பேருந்து அந்த வளைவில் திரும்ப ஏறக்குறைய முழுச் சாலையும் வேண்டும். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். சக்கரம் சுழலாமல் இறுகிப்போவதைத்தான் அது தடுக்கும். நிற்பதற்கான தூரம் சாலையில் இருந்தாக வேண்டும்.

ஆகவே மலையில் கூட்டத்தின் வேகத்தைக் கடைசி வண்டிதான் முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். பத்துப் பேரும் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு ஊர வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. எப்போதும் கண்ணெதிரே இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தைத்தான் முதலில் விட வேண்டும். அனுபவமுள்ள ரைடர்கள் முன்னால் ஒருவரை லீடாகவும் கடைசியில் ஒருவரை ஸ்வீப்பாகவும் வைப்பார்கள். ஸ்வீப் என்பவர் கூட்டத்தில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களில் ஒருவர். யாரையும் முந்தாமல், யாரும் தமக்குப் பின்னால் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சாலை பிரியும் இடத்தில் ஒருவர் நின்று, ஸ்வீப் வந்து சேரும்வரை வழி காட்டுவார். இந்த ஏற்பாடு இருந்தால் முன்னால் போகிறவர் மறைந்துவிட்டாரே என்று யாரும் பதற வேண்டாம். கொல்லிமலை ஏற்றத்தில் பதற்றத்துக்கே காரணமில்லை, சாலையைப் பிடித்துக்கொண்டு போனால் மேலே சோளக்காடு வந்துவிடும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். வேகமாக நடக்கிறவர் முன்னால் போவார், கால் வலிக்காரர் மெதுவாக வருவார், ராத்தங்கலில் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். பின்தங்கியவர் ஓடிப்போய்ச் சேர வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. எஞ்சின் வந்ததும் இந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போவானேன்?

வளர்ந்த மனிதர்கள்தானே, அவரவர் வேகத்துக்கு அவரவர் பொறுப்பு என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. ஆக்சிலரேட்டர் அவரவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கையை முறுக்கவைத்த பதற்றத்தில் கூட்டத்துக்குப் பங்கு இருக்கிறது. கூப்பிட்டது நாம், வரிசை அமைத்தது நாம், கண்பார்வையிலிருந்து மறைந்ததும் நாம். விளைவு மட்டும் அவருடையது என்பது நண்பர்கள் பேசுகிற பேச்சல்ல. நன்றாக ஓட்டத் தெரிந்தவரின் சந்தோஷம் என்னாவது என்ற கேள்வி இதைவிட நேர்மையானது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, உடம்பைச் சாய்த்து, பிசகில்லாமல் வெளியே வருவதில் உள்ள ஆனந்தத்தை நான் மறுக்கவில்லை. அதற்கு வேண்டிய வெற்றுச் சாலை, கடைசி ஆளை எண்ணிக் கவலைப்படாத ஒரு தனிப் பயணத்தில் தாராளமாகக் கிடைக்கும். கூட்டமாகப் போகும் நாளில் திறமைக்கு இன்னொரு வேலை இருக்கிறது, தன்னைப் பார்த்து ஓட்டுகிறவர் தப்பு செய்யாதபடி ஓட்டுவது. லீடாகப் போகிறவர் வளைவுக்கு முன்பே நிதானித்து, வளைவு தாண்டியும் உடனே முறுக்காமல், கடைசி விளக்கு கண்ணாடியில் தெரியும்வரை மெதுவாகப் போனால் பத்து வண்டிகளும் அமைதியாக ஏறும். வேகமாக ஓட்டுவதைவிட இது கடினம்.

எனக்கே மிகக் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறொன்று. எல்லோரும் தனக்காக நிற்கிறார்கள் என்றால் கடைசியில் வருகிறவருக்கு வெட்கமாக இருக்காதா? இருக்கும். காத்திருப்பதிலும் இரண்டு விதம் உண்டு என்பதால்தான் அந்த வெட்கம். முன்னால் போனவர்கள் ஒரு வளைவில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, டீ குடித்து, படம் எடுத்து முடித்திருப்பார்கள். கடைசி வண்டி வந்து நின்றதும், "வந்துட்டியா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அவர் ஹெல்மெட்டின் பட்டையைக்கூட அவிழ்த்திருக்க மாட்டார். நாள் முழுக்க இப்படி நடந்தால் அதிகம் களைத்தவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும். மாலையில் இறங்கும்போது, கியரில் இறங்கப் பழகாமல் பிரேக்கையே நம்பி, அது சூடேறிப் பிடிப்பு குறைந்த வண்டியோடு, விறைத்த கைகளோடு வருகிறவரும் அவர்தான். காத்திருப்பது என்றால் அவர் வந்த பிறகும் உட்கார்ந்திருப்பது. அவருக்கும் ஒரு டீ சொல்லி, அவர் குடித்து முடித்து, அவரே கிளம்பலாம் என்று சொல்லும்வரை அவசரம் காட்டாமல் இருப்பது. அப்படி இருந்தால் வெட்கத்துக்கு அங்கே இடமில்லை.

சாலை குறுகலான இடத்தில் மலையேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் விதிகள் சொல்கின்றன. ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது சிரமம் என்பதால் சிரமம் அதிகமுள்ளவருக்கு முதலிடம். அந்நியர்களுக்கு நடுவே சட்டம் எதிர்பார்க்கும் இந்த நியாயத்தை நண்பர்களுக்குள் காட்டத் தயங்கக் கூடாது. கடைசி வண்டியின் வேகத்தில் போனால் மலையில் வாழ்கிறவர்களுக்கும் நிம்மதி. நமக்கு உல்லாசமான அந்தச் சாலைதான் அவர்கள் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற சாலை. வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கின்றன. துரத்திப் பிடிக்க வரும் வண்டிக்கு அவற்றைப் பார்த்து நிற்க நேரமிருக்காது.

அடுத்த முறை கிளம்பும்போது அடிவாரத்திலேயே இதைப் பேசிவிடுங்கள். லீட் யார், ஸ்வீப் யார், எங்கெங்கே நிற்பது, கடைசியில் வருகிறவர் எவ்வளவு நேரம் ஓய்வெடுப்பார் என்பதை வண்டியைக் கிளப்பும் முன் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத் தர மறுக்கும் கூட்டத்தோடு மலை ஏறாதீர்கள்.